மாமா, பின்னாடி!

அன்புத் தம்பி புகழேந்திக்கு,

அக்கா சோபனா எழுதுவது. இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். இங்கே மேல்விஷாரமே அடங்கிவிட்டது. நீ இருக்கிற வியட்நாமில் ராத்திரி இன்னும் ஒன்றரை மணி நேரம் ஜாஸ்தி என்பதும் தெரியும். பகலில் எழுதலாம் என்றால் நிறைமதி பேனாவைப் பிடுங்கிக்கொள்கிறாள், இல்லையென்றால் உன் மாமா எதிரில் உட்கார்ந்திருக்கிறார். எதிரில் உட்கார்ந்திருக்கிற மனுஷரைப் பற்றி எப்படிப் புகார் எழுதுவது? இப்போது அப்பாவும் மகளும் உள்ரூமில் தூங்குகிறார்கள். நான் சமையலறையில் கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் காகிதத்தை வைத்து, நின்றபடியே எழுதுகிறேன். காலையில் படம் பிடித்து அனுப்புவேன். போனில் டைப் அடித்து அனுப்பியிருக்கலாம்தான். அனுப்பினால் நீ பாதியைப் படித்துவிட்டு ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாய். இது கட்டைவிரலில் தீர்கிற விஷயம் இல்லை.

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உங்கள் ஷூ கம்பெனி மெஸ்ஸில் இப்போதாவது ரசம் என்று ஒன்றைக் கண்ணில் காட்டுகிறார்களா? இங்கே நாங்கள் மூவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன். இனி உண்மையை எழுதுகிறேன்.

ஒரே ஒரு கேள்விதான். கம்ப்யூட்டரில் கேம் விளையாடுவதற்காக கிராஃபிக்ஸ் கார்டை மாற்றுவது பிரயோஜனமா, இல்லையா? உன்னிடம் ஏன் கேட்கிறேன் என்றால் இந்த வினையை வீட்டுக்குள் கொண்டுவந்தவனே நீதான். ஆம்பூரில் நீயும் அவரும் ஒரே ரூமில் இருந்த காலத்தில் பாதிப் பாதிக் காசு போட்டு வாங்கின கம்ப்யூட்டர் அது. "கூட விளையாடுறப்ப ஆளைக் கணக்குப் போட்டுடலாங்க்கா, நவநீதன் தங்கமான ஆளு" என்று சொல்லி நீ அவரை எனக்குப் பார்த்ததும் அந்தக் கம்ப்யூட்டரை வைத்துத்தான். கல்யாணச் சீரோடு அதுவும் வண்டியில் ஏறி வந்தது.

உனக்கு உன் மாமாவைத் தெரியும் என்று நினைக்கிறாய். உனக்குத் தெரிந்தவர், நீ அங்கேயும் அவர் இங்கேயுமாகத் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுகிற சனிக்கிழமை ராத்திரி நவநீதன். "வந்துட்டேன் மச்சான், கவர் குடு, கவர் குடு!" என்று கத்துகிறவர். மீதி ஆறு நாள் நவநீதனோடு குடித்தனம் நடத்துகிறவள் நான். தோல் கோடவுனில் செலெக்ஷன் வேலை என்றால் என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் நின்று ஒவ்வொரு தோலாகத் தடவி, மோந்து, மடித்துப் பார்த்து ஒண்ணு, ரெண்டு, மூணு என்று தரம் பிரிக்கிற வேலை. நாள் முழுக்க வாயில் வருவது அந்த நம்பர் மட்டும்தான். அந்த வாயோடேயே வீட்டுக்கும் வருகிறார். சாம்பாரை ஒரு கரண்டி ஊற்றினால் "மூணு." நான் புதுப் புடவை கட்டி நின்றால், முந்தானையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு "ரெண்டு." அவர் வாயால் "ஒண்ணு" என்று நான் கேட்டது பிரசவ வார்டில் ஒரே ஒரு தடவை. நர்ஸ் குழந்தையை நீட்டினதும் கன்னத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார். நர்ஸ் பயந்துபோய், "ஒண்ணுதான் சார், ட்வின்ஸ் இல்ல" என்றாள்.

அந்த ஒண்ணாம் நம்பர் குழந்தைக்கு இரண்டு வயசு தாண்டியும் பேச்சு வரவில்லை என்பதும், வேலூரில் டாக்டரிடம் காட்டினோம் என்பதும் உனக்குத் தெரியும். காது நன்றாக இருக்கிறது, எல்லாம் நன்றாக இருக்கிறது. டாக்டரம்மா என்னிடம் கேட்டார், "வீட்ல பேசுவீங்களாம்மா?" "நான் ஓயாம பேசுவேன் டாக்டர்." "சார் பதில் சொல்வாரா?" "நம்பர் சொல்வாரு." டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: ஒரு ஆள் மட்டும் பேசினால் குழந்தைக்கு அது ஃபேன் ஓடுகிற சத்தம் மாதிரி; இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பேசினால்தான் நடுவில் புக வேண்டும் என்று அதற்கு ஆசை வரும்; டிவி, போன், கம்ப்யூட்டர் எதையும் கண்ணில் காட்டாதீர்கள். பி.எஸ்ஸி. கணிதம் படித்த எனக்கு நான் ஒரு ஃபேன் என்று தெரிந்துகொள்ள வேலூர் வரைக்கும் பஸ் ஏற வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் மேல் பழைய போர்வையைப் போட்டு மூடினேன். சனிக்கிழமை மட்டும், குழந்தை தூங்கினதும் திறந்துகொள்ளலாம் என்று உன் மாமாவுக்கு அனுமதி கொடுத்தேன்.

அவள் தூங்கினால்தானே? முதல் சனிக்கிழமையே எழுந்து போய் ஹெட்போன் ஒயரைக் கடித்துத் துப்பிவிட்டாள். அதற்கப்புறம் ஸ்பீக்கரில்தான் விளையாட்டு. நீ அங்கிருந்து "மாமா, பின்னாடி! பின்னாடி பாருங்க மாமா!" என்று அலறுவாய், இவர் இங்கிருந்து "எங்க மச்சான், எங்க?" என்று அலறுவார், அவள் இவர் மடியில் உட்கார்ந்து ஸ்பீக்கரையும் இவர் வாயையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பாள். நீங்கள் "செத்துட்டான், இன்னொருத்தன் மாடியில இருக்கான்!" என்று கத்தின அன்றைக்குக் கீழ்வீட்டிலிருந்து நம் ஹவுஸ் ஓனர் அக்தரி பேகம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மேலே ஓடி வந்துவிட்டார். "இன்னாம்மா சோபனா, யாரு மவுத்து? மாடியில இன்னொருத்தர் வேற இருக்காங்களா?" நான்தான் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து விளக்கினேன்.

அப்புறம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. உன் மாமா பின்பக்கம் உட்கார்ந்து சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தார். வாசப்படியில் நிறைமதி. திடீரென்று கணீரென்று, முழுசாக, "மாமா, பின்னாடி!" என்றாள். அவளுடைய முதல் பேச்சு. இவர் பழக்க தோஷத்தில் திரும்பிப் பார்க்காமல் இடதுபக்கம் குப்புற விழுந்து பதுங்கினார். பின்னாலிருந்த பூனை வாங்கி வந்திருந்த ஒரே மீனைக் கவ்விக்கொண்டு போயிற்று. அன்றைக்கு எங்களுக்கு வெறும் ரசம்தான். இரண்டு பேரும் அழுதுகொண்டே சாப்பிட்டோம். பெற்ற அப்பாவை மாமா என்கிறாளே என்று ஒரு உறுத்தல் இருந்தது. நீ கூப்பிடுவதைக் கேட்டுத்தானே கற்றாள், மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அடுத்த தடவை டாக்டரம்மா, "என்னென்ன வார்த்தை வருது?" என்று பேனாவைத் திறந்தார். "மாமா, பின்னாடி, கவர் குடு, ரீலோடு, செத்துட்டான், நாம காலி" என்றேன். எழுதிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டுக் கேட்டார், "வீட்ல யாராச்சும் மிலிட்டரியாம்மா?"

தம்பி, அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. நீங்கள் இருவரும் கேமில் வருகிற அந்தப் பாலத்துக்குக் கிட்டே போன சனிக்கிழமை, நீ முன்னால் ஓடித் தாண்டிவிட்டாய், இவர் காலை எடுத்து வைக்கும்போது திரையெல்லாம் கோடு கோடாகப் போய் இருட்டாயிற்று. கேம் புதுசாக மாறிவிட்டது, பழைய கார்டுக்கு அதைத் தாங்கச் சக்தி இல்லை, கார்டு போய்விட்டது என்று நீயே போனில் சொன்னாய். அதே வாரம் கோடவுனில், வெளிநாட்டு ஆர்டர் கம்மி, இனி வாரத்தில் மூன்று நாள் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். முன்பு மூன்று நம்பராவது சொல்லிக்கொண்டிருந்தவர் அதையும் நிறுத்திக்கொண்டார். இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்த ஒரே ராத்திரியும் போனதா, குழந்தையும் வாயை மூடிக்கொண்டுவிட்டாள். மீன் திருட வந்த பூனையைக்கூடச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அக்தரி பேகமே போன வாரம் படியேறி வந்து, "சனிக்கெழமையில சத்தமே இல்லியே, பேஜாரா கீதும்மா. யாராச்சும் செத்தாத்தான் நல்லா இருக்கும்" என்றார்.

கேம் இல்லாவிட்டால் என்ன, போனில் பேசிக்கொள்ளட்டுமே என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றிற்று. நினைவிருக்கிறதா? போனை ஸ்பீக்கரில் போட்டு, குழந்தையை நடுவில் உட்காரவைத்து, நானே உனக்குப் போட்டுக் கொடுத்தேன். "மாமா, நல்லா கீறீங்களா?" "ம்." "சாப்ட்டீங்களா?" "ம்." "மழ கிழ?" "இல்ல." "சரி மாமா, வச்சிடறேன்." "ம்." அவ்வளவுதான். குழந்தை கொட்டாவி விட்டாள். உங்கள் இருவருக்கும் பேச்சு வர வேண்டுமென்றால் நடுவில் நாலு பேர் சாக வேண்டியிருக்கிறது.

அதனால்தான் நான் இந்தக் கார்டு சமாசாரத்தில் இறங்கினேன். குழந்தை தூங்கின பிறகு இதைப் பற்றி எழுதியிருப்பதையெல்லாம் தேடிப் படித்தேன். மாற்றினால் சொர்க்கம் என்கிறான் ஒருவன். இன்னொருவன், உன் பிராசஸர் பழசு, கார்டை மட்டும் மாற்றுவது ரோட்டை அகலமாகப் போட்டுவிட்டு ரயில்வே கேட்டை மூடிவைக்கிற மாதிரி என்கிறான். பெரிய கார்டு போட்டால் பவர் சப்ளை போதாதாம், அதை மாற்றினால் பெட்டிக்குள் இடம் போதாதாம், எல்லாவற்றையும் மாற்றி முடித்தாலும் நம்முடைய பழைய மானிட்டர் எதைக் காட்ட முடியுமோ அதைத்தான் காட்டுமாம். செகண்ட்ஹேண்டில் வாங்கினால், ராத்திரி பகலாக ஓட்டி உறிஞ்சின கார்டுகளைத் துடைத்து விற்கிறார்களாம். எல்லாம் படித்து நான் கண்ட முடிவு, பிரயோஜனம் இல்லை, கேமில் புல் கொஞ்சம் பச்சையாகத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் இத்தனை பேர் எழுதினதில் ஒருவன்கூட, கார்டை மாற்றினால் குழந்தை பேசுமா என்று எழுதவில்லை.

போன ஞாயிறு மூவரும் வேலூருக்குப் போனோம். லாங் பஜாரில் தள்ளுவண்டிக்கும் பைக்குக்கும் நடுவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நுழைந்து, பக்கத்துச் சந்தில் மாடிப்படி ஏறினால் ஒரு பழைய கம்ப்யூட்டர் கடை. ஹம்மாத் என்று ஒரு பையன், முகத்தில் நல்ல சிரிப்பு. நம் பெட்டியின் வயசைக் கேட்டுவிட்டு அதற்குப் பொருந்துகிற ஒரு கார்டை எடுத்துக் கொடுத்தான். ஒல்லியாக, ஒற்றை ஃபேனோடு இருந்தது. "ஒரே ஓனர் சார். ஸ்டூடன்ட்டு. பரீட்ச வருதுன்னு அவங்கம்மா விக்கச் சொல்லிட்டாங்க." அந்த அம்மாவை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. உன் மாமா அதைக் கையில் வாங்கினார். ஜன்னல் பக்கம் போனார். கட்டைவிரலால் ஒரு தடவு. நகத்தால் ஒரு கீறல். ஹம்மாத் என்னைப் பார்த்தான். அப்புறம் மூக்குக்கிட்டே கொண்டுபோனார்.

"இன்னா மேடம், சார் மோந்து பாக்கறாரு?"

"அவரு அப்டித்தாம்பா. தோல் செலெக்ஷன் வேல."

நான் சொல்லி வாய் மூடவில்லை. இரண்டு கையாலும் கார்டின் இரண்டு ஓரத்தையும் பிடித்தார். மேல்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி வைத்து, தோலை மடித்துச் சுருக்கம் விழுகிறதா என்று பார்ப்பார்களே, அந்த மாதிரி வளைத்தார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை தம்பி. கை செய்தது. டக்கென்று ஒரு சத்தம். கடையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். இவர் கார்டை நிதானமாகப் பார்த்துவிட்டு, "நாலு" என்றார்.

"இன்னா சார் நாலு? நாலு துண்டா?" ஹம்மாத் தலையில் கை வைத்துக்கொண்டான். "சார், அது இன்னா ஆட்டுத்தோலா? கார்டு சார்! திருப்பிப் பாத்து வாங்கறவங்களப் பாத்திருக்கேன், தட்டிப் பாத்து வாங்கறவங்களப் பாத்திருக்கேன், ஒடச்சிப் பாத்து வாங்கறவர இன்னிக்குத்தான் பாக்கறேன்!"

உடைத்த பொருளை விட்டுவிட்டு வர முடியுமா? வாங்கிக்கொண்டோம். பாவம், அந்தப் பையன் பாதி விலைதான் வாங்கினான். குழந்தைக்கு ஒரு மிட்டாய் வேறு கொடுத்து, "பேரு இன்னா குட்டி?" என்று கேட்டான். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் உன் மாமா அந்தக் கார்டை மடியில் வைத்துக்கொண்டு வந்ததைப் பார்த்தால், ஆஸ்பத்திரியிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் ஒரு நம்பிக்கையில் மாட்டிப் பார்த்தார். திரையில் பச்சையாக ஒரு கோடு வந்தது. நிறைமதி எங்கிருந்தோ ஓடி வந்து அவர் மடியில் ஏறினாள். அடுத்த நிமிஷம் கோடு அணைந்தது. அவள் அவரை அண்ணாந்து பார்த்தாள், வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. அவரும் குனிந்து அவளைப் பார்த்தார், வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. இரண்டு பேரும் ஒரே மாதிரி வாயை மூடிக்கொண்டார்கள். நான் அடுப்பில் ஏதோ தீய்கிற மாதிரி சமையலறைக்கு வந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அன்று ராத்திரி முகம் கழுவும்போது உன் மாமா கண்ணாடியில் தன் முகத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, மெதுவாக "அஞ்சு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவர் கோடவுனில் அஞ்சு என்றால் ஒதுக்கித் தள்ளுவதுதானாம்.

அதனால் தம்பி, கேம் என்றாலே கரித்துக்கொட்டின உன் அக்காவே வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். எழுதினவனெல்லாம் எழுதிக்கொள்ளட்டும், எனக்கு இது பிரயோஜனம்தான். ஒரு நல்ல கார்டாகப் பார்த்து நீ அங்கேயே வாங்கிவிடு. நம் பழைய பெட்டிக்குள் அடங்க வேண்டும், பழைய பவர் சப்ளை தாங்க வேண்டும். உன் கூட வேலை செய்கிற ஆம்பூர் ஜான்சன் மாசக் கடைசியில் லீவில் வருகிறாராமே, அவரிடம் கொடுத்து அனுப்பு. நிறைமதிக்குக் காது குத்தும்போது நீ வைக்க வேண்டிய தாய்மாமன் சீரில் இதைக் கழித்துக்கொள். தட்டில் தேங்காய், பழம், பாவாடை, கிராஃபிக்ஸ் கார்டு என்று வைத்துவிடலாம், யார் கேட்கப்போகிறார்கள்? ஒன்று மட்டும் கவனம். அட்டைப் பெட்டியில் போட்டு நாலாபக்கமும் டேப் ஒட்டி, மேலே என் பேரை எழுது. மாமாவுக்கு என்று எழுதாதே. ஜான்சனிடமும் திறந்து காட்டாதே. அவரும் தோல் ஆள்தான், விமானத்திலேயே வளைத்துப் பார்த்துவிடுவார்.

வேளைக்குச் சாப்பிடு. கட்டிங் மிஷின் பக்கம் போகும்போது கேம் ஞாபகத்தில் நிற்காதே. எங்கே இருந்தாலும் உன் கையும் காலும் முழுசாக இருக்கட்டும், உனக்கு வருகிறவள் கொஞ்சமாவது பேசுகிறவளாக வரட்டும் என்று வேண்டிக்கொள்கிற,

உன் அக்கா,
சோபனா

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. கார்டு வேண்டாம்.

காகிதத்தை மடிக்கும்போது உள்ரூமில் பேச்சுக் குரல் கேட்டது. முதலில் உன் குரல் என்றே நினைத்தேன். நீ சளி பிடித்துப் பேசினால் எப்படி இருக்குமோ அப்படி. எட்டிப் பார்த்தால் இரண்டு பேரும் தூங்கவே இல்லை. செத்துப்போன கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். திரை இருட்டாகக் கிடக்கிறது. உன் மாமா ஒரு கையில் மவுஸைப் பிடித்துக்கொண்டு, உன் குரலிலும் தன் குரலிலும் மாற்றி மாற்றிப் பேசுகிறார். "மாமா, பாலத்துக்கிட்ட வந்துட்டோம், பாத்து வாங்க." "வர்றேன் மச்சான், இரு. மதிக்குட்டி, பின்னாடி யாராச்சும் கீறாங்களா பாரு." அவள் திரும்பி நன்றாகப் பார்த்துவிட்டு, "இல்ல" என்றாள். தம்பி, இல்ல என்றாள். கேட்டதற்குப் பதில்! "யாருமே இல்லியா?" "பூன." "பூன எங்க கீது?" "பாலத்துல." பூனை உங்கள் கேமில் கிடையாதே? அது அவளே போட்டுக்கொண்ட பூனை.

நான் கதவில் சாய்ந்து மூக்கை உறிஞ்சியிருக்கக் கூடாது. "மாமா, பின்னாடி!" என்று கத்தினாள். அவர் சட்டென்று திரும்பி மவுஸால் என்னைச் சுட்டுவிட்டார். "அம்மா செத்துட்டா" என்று அறிவித்தாள். உடனே கீழே அக்தரி பேகம் வீட்டில் லைட் எரிந்தது. கேம் விதிப்படி யாராவது வந்து தொட்டால்தான் நான் எழுந்திருக்க வேண்டுமாம், அவர்கள் பாலத்தில் பிஸியாக இருக்கிறார்கள். தரையில் படுத்துக்கொண்டே இதை எழுதுகிறேன், கடைசி வரிகள் கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

இன்னும் அவள் அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். நாளைக்குக் கோடவுனும் கிடையாது. ஆனால் இப்போது உன் மாமா என் பக்கம் குனிந்து, தன் சொந்தக் குரலில், முழுசாக ஒரு வாக்கியம் பேசினார்: "சோபனா, பாலத்துக்கு அந்தாண்ட நான் போனதே இல்ல, மச்சான்தான் போயிருக்கான், அங்க இன்னா கீதுன்னு கேட்டு எழுதேன், இவ கேக்கறா." பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று, தம்பி, சீக்கிரம் பதில் எழுது.